பூஜையில் வைத்த சப்பாத்து

உ

ஜொகூர் பாரு,
பவ வருஷம் ஐப்பசி மாதம் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

தங்காக் ஜவுளிக்கடை முதலாளி, என்றும் என் மரியாதைக்குரிய அத்தான் ஐயாசாமி அவர்களுக்கு, ஜொகூர் பாரு மராமத்து இலாகாவில் கடிதம் எழுதும் கிராணியும் தங்கள் மைத்துனனுமாகிய சதாசிவம் இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காளும் மருமகன் ராஜசேகரனும் அம்பாள் அருளால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தனலெட்சுமியும் குழந்தை சந்திரமதியும் உடம்பளவில் சௌக்கியம். உடம்பை விட்டால் சௌக்கியம் என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் வேறொன்றும் மிச்சமில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது சந்திரமதியை ராஜசேகரனுக்குக் கேட்டீர்கள். பெண் டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதட்டும், தேறி அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக உட்காரட்டும், அப்புறம் பேசலாம் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இங்கிலீஸு?" என்று அக்காள் கேட்டபோது அவளைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படிப்பு முடிந்துபோயிற்று. வருகிற தையிலேயே நல்ல நாள் பார்த்து எழுதுங்கள். இதற்கெல்லாம் காரணம் ஒரு ஜோடி சப்பாத்து என்று சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆனி மாதம் சந்திரமதியின் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பெரிய மிஸ் ஒருவர் வந்தார். வந்த இரண்டாம் வாரம் தேகப்பயிற்சி நடக்கும்போது ஒரு சீனப் பெண்ணின் மரக்கட்டைச் செருப்பு காலிலிருந்து கிளம்பிப் போய், பார்வையிட வந்திருந்த துரையின் தொப்பியைத் தட்டிவிட்டதாம். மறுநாளே சட்டம் வந்துவிட்டது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லாரும் கயிறு கட்டுகிற வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துத்தான் போட வேண்டும், வெள்ளை என்றால் முழு வெள்ளை, ஒரு பொட்டுக் கறைகூட ஆகாது, மூன்று தடவை தவறினால் பரீட்சைப் பட்டியலில் பெயர் இருக்காது. இந்த நோட்டீஸை நான்தான் வாங்கிப் படித்தேன். எவ்வளவு அழகான இங்கிலீஷ் அத்தான், ஒரு இடத்தில் கமா தப்பவில்லை. ரசித்து ரசித்துப் படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது என் பெண்ணுக்கும் இரண்டு கால் உண்டு என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போன சந்திரமதி வகுப்பு வாசலில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். சரஸ்வதி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போகிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? அவளைப் பார்த்து இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் கழற்றிவிட்டார்கள். நாலு ஜோடியும் வாசலில் வரிசையாக இருக்க, பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெரிய மிஸ் வந்து பார்த்தபோது வெளியே சப்பாத்துகளில் தண்ணீர் தளும்பி நிற்கிறது, உள்ளே எட்டு வெறுங்கால்கள். ஏன் கழற்றினாய் என்று கேட்டதற்கு மரியாதைக்காக என்று இவள் சொன்னாளாம். போட்டுக்கொள்வதுதான் மரியாதை என்று சொல்லி ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது தப்பு என்னுடையது, மறைக்க மாட்டேன். மழையில் ஊறின சப்பாத்து பழுப்பேறிப் போயிற்று. வெள்ளைப் பூச்சு கடையில் விற்கிறது, வாங்கியிருக்கலாம். எனக்குத்தான் புத்தி அதிகமாயிற்றே. குவார்ட்டர்ஸ் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு பின்பக்கத்தில் ஒரு வாளி மிச்சம் இருந்தது. சுவரே வெளுக்கிறதே, சப்பாத்து வெளுக்காதா என்று நானே உட்கார்ந்து இரண்டு கை பூசினேன். காலையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. அந்த வெள்ளை பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான் சப்பாத்தில் இருந்திருக்கிறது, அதற்கப்புறம் அடிக்கு அடி தரையில் இறங்கி, தாழ்வாரம் முழுக்க நடந்து, பெரிய மிஸ்ஸின் கம்பளத்தின் மேல் போய் நின்றிருக்கிறது. இவள் அங்கே போனது ஏன் தெரியுமா, கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்ததற்குக் கைகொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கைகொடுத்துவிட்டு இரண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

சுண்ணாம்பு தின்ற சப்பாத்து சுருங்கிப் போனதோ, பிள்ளையின் கால் வளர்ந்துபோனதோ, இரண்டும்தானோ, உள்ளே நுழையவில்லை. கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீன முதலாளி காலைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, பெண்பிள்ளை அளவில் இவ்வளவு பெரிது வராது, ஆம்பிளைச் சப்பாத்து ஏழாம் நம்பர்தான் சரி என்றார். அதை மெதுவாகச் சொல்லக் கூடாதா? "காக்கி பெசார், தம்பி, காக்கி பெசார்" என்று கடை பூராவும் கேட்கச் சொன்னார். பெரிய கால், பெரிய கால் என்று கல்யாண வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு கத்தினால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? இந்த ஏழாம் நம்பர் சமாச்சாரத்தை அக்காளுக்குப் படித்துக்காட்டும்போது தயவுசெய்து தாண்டிவிடுங்கள். மற்றபடி பெண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கின அந்தப் புதுச் சப்பாத்தைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தோம், சரஸ்வதி பூஜை கழிந்து போட்டுக்கொண்டு போகலாம் என்று. பூஜைக்குப் புஸ்தகங்களையெல்லாம் அடுக்கி, பேனா, அடிக்கோல் எல்லாம் வைத்து, நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், புஸ்தகத்துக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு அதன்மேல் சப்பாத்து ஜோடி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைக்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று தனலெட்சுமியைக் கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "இது இன்னும் கால்படாத சப்பாத்து. இது இல்லேன்னா பள்ளிக்கூடத்துல உள்ள விட மாட்டேங்கிறாங்க. உள்ள விடலேன்னா படிப்பு எங்கேருந்து வரும்? அப்ப புஸ்தகத்துக்கு முன்னாடி இதத்தானே வைக்கணும்?" அத்தான், நான் தினம் இருபது ஆபீஸ் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவன். இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவள் ஒவ்வொரு சப்பாத்தின் மூக்கிலும் மஞ்சள் குழைத்த சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள்.

பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் தொடலாமா? கூடாது. பள்ளிக்கூடமோ பூஜையன்றைக்கு விடுமுறையில்லை. நான் ஒரு லீவு கடிதம் எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதானே கிராணிக்கு அழகு? சப்பாத்து பூஜையில் இருப்பதால் என் மகள் இன்று வர இயலாது என்று எழுதினேன். பெரிய மிஸ் அதைத் தன் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாராம். விஜயதசமியன்று எடுத்துப் பார்த்தால் குங்குமம் கான்வாஸில் நன்றாக இறங்கியிருக்கிறது. தனலெட்சுமி சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். சவுக்காரம் பட்டதும் மஞ்சளும் சிவப்பாகிவிட்டது. ஒரு பொட்டாக இருந்தது உள்ளங்கை அகலமாயிற்று. இன்னும் தேய்த்தாள், இன்னும் பரவிற்று. உப்புப் போட்டாள், வெயிலில் காயவைத்தாள், கடைசியில் சப்பாத்து இரண்டும் கல்யாண வீட்டுச் சர்பத் நிறத்துக்கு வந்து நின்றன. கடையில் வாங்கின வெள்ளைப் பூச்சை மூன்று தடவை அடித்தும் உள்ளேயிருந்து அந்த ரோஸ் நிறம் எட்டிப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை அதையே போட்டு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று என்று எழுதப் போனவர்களிடம் நானே நேரில் ஓடினேன். நம் பூஜை என்ன, குங்குமம் என்ன என்று எடுத்துச் சொல்லப் போன எனக்கு, அந்த அம்மாள் முன்னால் நின்றதும் இங்கிலீஷ் முழுக்க ஆவியாகிவிட்டது. சப்பாத்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது மேடம் என்று சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனுஷி. நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, உங்கள் தெய்வத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் உங்களுக்கு ரோஸ் என்று விட்டால் நாளைக்கு இன்னொருத்தி பச்சை என்பாள் என்றார்கள். திங்கட்கிழமை காலை வரைக்கும் தவணை. அதற்குள் வெள்ளைச் சப்பாத்தோடு வராவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். சனிக்கிழமை ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினேன். ஏழாம் நம்பர் வெள்ளை சிங்கப்பூரிலும் தீர்ந்துவிட்டதாம், அடுத்த மாதக் கப்பலில்தான் வருமாம்.

இதோ ஞாயிறும் முடியப் போகிறது. நான் என்ன பண்ணட்டும் அத்தான்? பத்து வருஷம் படிக்க வைத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய் விட்டேன். கணக்கில் முதலாவது, இங்கிலீஷில் இரண்டாவது. கடைசியில் காலில் வந்து நின்றுபோயிற்று. சந்திரமதி அழவில்லை. அழுதாலாவது நான் ஒரு அதட்டல் போட்டுச் சமாளித்திருப்பேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அக்காள் சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்று அக்காளிடம் சொல்லுங்கள், அவளுக்காவது சந்தோஷமாக இருக்கட்டும்.

ஆகவே தையில் முதல் முகூர்த்தமே இருக்கட்டும். பெண்ணுக்கு அங்கே சப்பாத்து வேண்டியிருக்காது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ராஜசேகரனுக்கு என் ஆசி. அக்காளுக்கும் தங்களுக்கும் எங்கள் மூவரின் நமஸ்காரம். கடையும் குடும்பமும் மேலும் மேலும் தழைக்க அம்பாள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சதாசிவம்

பி.கு.: திங்கட்கிழமை காலை, ஆபீஸிலிருந்து. நேற்று உறையை ஒட்டிவிட்டேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். காலை ஆறரைக்குச் சந்திரமதி தன் புஸ்தகங்களை எடுத்து வைத்து, கட்டுவதற்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பூகோளத்துல கடைசிப் பாடம் ஒண்ணு பாக்கி இருக்குப்பா. அத மட்டும் படிச்சிட்டுக் கட்டிடட்டுமா?" என்றாள். நான் ஆபீஸுக்குப் புறப்பட்டு வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். குனிந்தவன் அப்படியே என் காலைப் பார்த்தேன். வெள்ளைக் கான்வாஸ். ஏழாம் நம்பர். நேற்றுத்தான் தனலெட்சுமி பூச்சு அடித்துக் காயவைத்திருந்தாள். உடனே கழற்றி மகள் முன்னால் வைத்தேன். அப்பாவுடையதில் கால் வைக்க மாட்டேன் என்று பின்னால் போனாள். "போட்டுக்கிட்டு ஓடு, மணி அடிச்சிரும். நான் கிராணிதானே, மேசைக்குக் கீழே என் காலை யாரு பாக்கப் போறா?" என்றேன். போட்டுக்கொண்டு ஓடினாள். சற்றுமுன் பியூனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். பட்டியலில் பெயர் இருக்கிறதாம். ஆகவே மேலே எழுதினது எதையும் தாங்கள் வாசித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். தையில் முகூர்த்தம் கிடையாது. அவள் வாத்தியாரம்மாவான பிறகு, அவளைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். வேறு கடிதம் எழுத நேரமில்லை. என்றைக்கும் கூப்பிடாத பெரிய துரை இன்றைக்குப் பார்த்து மூன்றாம் தடவையாக மணி அடிக்கிறார். அவர் அறைக்கு ஆபீஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்க வேண்டும், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரோஸ் நிறச் சப்பாத்தோடு எழுந்திருக்கிறேன்.