எங்கள் தெருவில் எதார்த்தம் நிறுவப்பட்ட வரலாறு

மனிதகுலம் உண்மையைத் தேடி எடுத்த முயற்சிகளில் தலையாயது, தெற்கு சிகாகோவில் எங்கள் தெருவில் ஒரு படக்குழு நடத்திய 'சமூக ஆய்வு'. அதில் 'உள்ளூர் உண்மை ஆலோசகர்' என்ற பதவி எனக்குக் கிடைத்தது. அடையாள அட்டையும் தந்தார்கள்.

ஆய்வாளர் டாக்டர் சேயர், கறுப்பர் தெருக்களைப் பற்றிய நாற்பத்தொரு படங்களைப் பார்த்து முனைவர் பட்டம் வாங்கியவர். தெருவைப் பார்ப்பதுதான் பாக்கி.

முதல் பேட்டி எங்கள் தெருச் சங்கத் தலைவி மிஸ் வெர்லீனிடம்.

"உங்க அப்பா எப்ப வீட்டை விட்டுப் போனாரு?"

"தினமும் காலையில ஆறு மணிக்கு. தபால் ஆபீஸ் வேலை. சாயந்தரம் வந்துடுவாரு."

"வராத நாள்?"

"ஒருதடவை ரயில் நின்னுபோச்சு. ஏழு மணியாச்சு. அம்மா ரெண்டு நாள் பேசல."

டாக்டர் கண்கலங்கி, 'சிதைந்த குடும்பம்' என்று குறித்துக்கொண்டார்.

தெருமுனையில் சங்கத்தின் அறிவிப்புப் பலகை இருந்தது: பந்து விளையாடாதே, கார் கழுவாதே, பாட்டை அலறவிடாதே, கும்பலாக நிற்காதே. எந்தப் படத்திலும் இப்படியொரு பலகை இல்லை. புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது; வாசல்தோறும் பெட்டூனியா பூச்செடிகள். தெரு எதார்த்தத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது என்று ஆய்வு முடிவு செய்தது. சீர்செய்தாக வேண்டும்.

மிஸ் வெர்லீன் டாக்டரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, வெள்ளிக்கிழமை கல்வித்துறை அதிகாரி வர்றாரு. இங்க குடும்பங்க இருக்கா, எங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தை மூடலாமான்னு பார்க்க. அதுக்குள்ள தெரு பழையபடி இருக்கணும்."

"வியாழக்கிழமை ஷூட்டிங் முடிஞ்சதுமே செட்டைக் கழட்டிடுவோம்," என்றார் டாக்டர், நெஞ்சில் கைவைத்து.

அறிவிப்புப் பலகை பிடுங்கப்பட்டது. பூக்களும். எரிந்த கார் ஒன்று லாரியில் வந்திறங்கியது. ஆளில்லாத வீடுகளாகத் தெரிய, பதினான்கு வீட்டுச் சன்னல்களை நானே மரப்பலகை அடித்து மூடினேன்.

"ஏய் லமார், என் சன்னலுக்கே ஆணி அடிக்கிறியா? நீ எட்டாவது பாஸானதுக்கு கேக் சுட்டவ நான்டா!"

"இது கலை, மிஸ் வெர்லீன்."

"கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டு. மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகட்டும்."

வியாழக்கிழமை மழை. எதார்த்தத்துக்கு நல்ல வெயில் வேண்டும் என்பதால் படப்பிடிப்பு திங்களுக்குத் தள்ளிப்போனது. சன்னல் பலகைகளும் எரிந்த காரும் அப்படியே நின்றன.

வெள்ளியன்று அதிகாரியின் கார் மெதுவாக ஊர்ந்து வந்தது. தேவாலயத்துக்குப் போடும் தொப்பியோடு மிஸ் வெர்லீன் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஐயா, இதெல்லாம் சினிமாவுக்கு! உள்ள ஆளுங்க இருக்கோம்! முப்பத்திரண்டு பிள்ளைங்க! இறங்கி வந்து எண்ணிப் பாருங்க!"

அவர் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார். "வேணாம் மேடம். இந்த மாதிரித் தெருவை நான் சினிமாவுல நிறைய பார்த்திருக்கேன்."

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.

படம் எதார்த்தத்துக்கான விருது பெற்றது. கடைசிக் காட்சியில், சங்கிலியிட்ட பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் அழுகிறாள். அதை எடுக்கப் படக்குழு மீண்டும் வந்து போயிருந்தது. மேடையில் டாக்டர் பெருமையோடு சொன்னார்: "இந்தக் காட்சிக்கு மட்டும் நாங்கள் செட் போடவே இல்லை."

சத்தியமான வார்த்தை. படம் முழுவதிலும் அசலாக இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றுதான். அதைப் பூட்ட வைத்தவர்கள் நாங்கள்.