கொரியா ராணியைக் கப்பலேற்றியவர்

செய்தி வந்தது காலை ஆறே கால் மணிக்கு. கப்பலேற்றி இனத்தவர்கள் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு வேலை அதிகம்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். உலகத்தின் எந்தக் கரையில், எந்த நூற்றாண்டில், எந்தப் பெண் படகிலிருந்து இறங்கியிருந்தாலும், அவளை நம் பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து, முடிந்தால் தம் தாலுகாவுக்கு உட்பட்ட ஒன்றிலிருந்து, கப்பலேற்றி அனுப்பிவிட்டுத்தான் காலைக் காபியைத் தொடுவார்கள். மாவோரி மொழியில் ஒரு சொல் காதில் விழுந்தால் கண் கலங்குவார்கள். கொரியக் கடையில் கிம்ச்சி ஜாடியைத் தூக்கிப் பிடித்து, இது நம் ஊறுகாய்தானே என்பார்கள். கடைக்காரப் பெண் என்ன செய்வாள்? விலையைச் சொல்வாள்.

மாவோரிகளின் நாட்டில், த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் வசிக்கும் செல்வராஜ் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். பிறப்பு தூத்துக்குடி, பிழைப்பு நகரின் மறுகோடி ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை, உயிர் கராக் ராஜ்யம். கராக் என்பது கொரியாவின் தென்கோடியில், ஆறு கடலைச் சேரும் இடத்தில், இரும்பு விற்றுப் பிழைத்த ஒரு பழைய நகர நாடு. வானத்திலிருந்து ஒரு பொன் கலம் இறங்கியது, அதில் ஆறு முட்டைகள் இருந்தன, அவற்றில் ஒன்றிலிருந்து வந்தவர் சூரோ ராஜா ஆனார், ஆயுதா என்னும் தேசத்திலிருந்து சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் ஓர் இளவரசி வந்து அவரை மணந்தாள் என்று அந்நாட்டுப் பழங்கதை சொல்கிறது. ஆயுதா எங்கே இருக்கிறது என்று கதை சொல்லவில்லை. செல்வராஜ் சொல்வார். கொஞ்சம் இடம் கொடுத்தால் அவள் புறப்பட்ட தெருவையும் சொல்வார்.

முட்டையிலிருந்து ராஜா வந்ததை அவர் நம்பமாட்டார். அது கட்டுக்கதை. அதற்கு அடுத்த வரியில் வரும் ராணி மட்டும் வரலாறு.

கேட்க ஆள் வேண்டுமே? மனைவி பாக்யலட்சுமி கல்யாணமான மறு வருடமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அலுவலகத்தில் கிம் என்றொரு கொரியர் இருந்தார்; சூரோ ராஜா வம்சத்துப் பெயர் அது. நீங்கள் எங்கள் வீட்டுப் பெண் வயிற்றுப் பேரன் என்று செல்வராஜ் பலமுறை தோளில் தட்டிய பிறகு, அவர் வேறு மாடிக்கு இடம் மாற்றிக்கொண்டார். தமிழ்ச் சங்கத்தில் பேசலாம் என்றால் அங்கே ஆளுக்கொரு கப்பல் வைத்திருக்கிறார்கள்.

மிஞ்சியவர் அடுத்த வீட்டுக் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் மூத்தவர், பேச்சில் சிக்கனமானவர். சனிக்கிழமைதோறும் செல்வராஜ் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தேநீர் ஆற ஆற, கராக்கின் பத்து ராஜாக்களையும் ஒவ்வொருவராக முடிசூட்டி இறக்குவார். ச்வாஜி ராஜா ஓர் ஏவல்பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் உறவினருக்கெல்லாம் பதவி கொடுத்து நாட்டைக் கெடுத்த இடத்தில் தொடையில் தட்டுவார். கடைசி ராஜா குஹ்யோங் பெண்டாட்டி, பிள்ளைகள், கஜானா எல்லாவற்றோடும் போய்ப் பக்கத்து நாடான ஷில்லாவிடம் சரணடையும் இடத்தில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். குணரத்தினம் “ஓம்” என்பார். சற்றுப் பொறுத்து “பிறகு?” என்பார். இப்படி ஒரு “பிறகு?” கிடைத்தால் ஒரு மனிதன் வருடக்கணக்கில் பேசலாம். செல்வராஜ் பேசினார்.

அந்தக் குணரத்தினம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்பதுதான் ஆறே கால் மணிச் செய்தி. செல்வராஜ் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். குணரத்தினத்தின் மனைவி பத்மாவதி சமையலறை நாற்காலியில் இருந்தார்.

“தம்பி, செத்தவீட்டில நீங்கள்தான் ரெண்டு வார்த்தை கதைக்க வேணும்.”

“நானா அக்கா? சொந்தக்காரங்க யாராவது…”

“சொந்தக்காரருக்கு என்ன தெரியும்? இந்த நாட்டுக்கு வந்ததில இருந்து அவர் என்னோடயே கதைக்கிறேல்ல. சனிக்கிழமையில உங்களோட இருந்து கதைச்சதுதான். கதவுக்கு அங்கால சத்தம் கேட்கும். குழப்பக் கூடாதெண்டு நான் உள்ள வாறேல்ல. அவர் உங்களட்ட என்ன சொன்னவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்.”

கதவுக்கு அப்பால் கேட்ட சத்தம் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். செல்வராஜுக்கும் தெரியும். ஆனால் தெரியாது என்ற சொல்லை மட்டும் இந்த இனத்தவரின் நாக்கு உச்சரிக்காது.

“சரிக்கா” என்றார்.

வீட்டில் பாக்யலட்சுமி விடவில்லை.

“என்ன பேசப் போறீங்க?”

“அண்ணனப் பத்தித்தான்.”

“அவரு ஊர்ல என்ன வேலை பார்த்தாரு?”

செல்வராஜ் இஸ்திரிப் பெட்டியைத் தேடினார்.

“அப்பா பேராவது தெரியுமா?”

சூரோவின் மகன் கொதுங், கொதுங்கின் மகன் மாபும் என்று கடகடவென்று வந்தது. குணரத்தினத்தின் தகப்பன் பெயர் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் எந்த ஊர் என்றும் தெரியவில்லை.

“அங்க போயி அந்தக் கொரியாக்காரிய இழுத்துவச்சு மானத்த வாங்கிடாதீங்க” என்றாள் பாக்யலட்சுமி.

மனுகாவில் ஓர் அஞ்சலிக் கூடம். செல்வராஜ் எழுந்து போய் நின்றார். “குணரத்தினம் அண்ணன் ரொம்ப அமைதியானவர்” என்றார். அதோடு தீர்ந்தது. முன்வரிசையில் பத்மாவதி, இத்தனை வருடம் கதவுக்கு வெளியே நின்றவர், முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். இந்த இனத்தவர் முன்னால் மௌனத்தை அவிழ்த்து விடலாமா? “கொரியாவில கராக்னு ஒரு நாடு இருந்துச்சு” என்று வாய் தானாகக் கிளம்பிவிட்டது. பாக்யலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்துச் சிப்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் குணரத்தினம் மட்டும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முட்டை பொரிந்தது, கப்பல் வந்தது, இளவரசி கரையில் கால் வைத்தாள். அங்கே செல்வராஜ் நின்றுவிட்டார்.

“இந்த இடத்துல அண்ணன் ஒரு தடவ என்னை நிறுத்தினாரு” என்றார். “அந்தப் பிள்ளை பிறகு தன்ர ஊருக்குத் திரும்பிப் போனவவோன்னு கேட்டாரு. அதா முக்கியம், அடுத்த ராஜாவப் பாருங்கண்ணேன்னு நான் சொல்லிட்டேன். அவரா கேட்டது அது ஒண்ணுதான்.”

பத்மாவதி உட்கார்ந்தபடியே கேட்டார்.

“போனவவோ, தம்பி?”

“இல்லக்கா. வந்த கப்பலுக்கு அரிசியும் துணியும் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க அங்கயே இருந்துட்டாங்க.”

பத்மாவதி கணவரின் பக்கம் திரும்பினார். “என்னட்டக் கேட்டிருக்கலாமே” என்றார் மெதுவாக. “நானும் அதைத்தானே நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

வெளியே தேநீர் கொடுத்தார்கள். சங்கத்தின் பழைய தலைவர் ஒருவர் செல்வராஜின் சட்டைக் கையைப் பிடித்து, அந்த ராணி ஏறியது நாகப்பட்டினத்தில் என்றார். செல்வராஜ் மறுக்கவில்லை. அரைக் கோப்பை வரைக்கும் தாங்கினார். பிறகு மறுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கொரியா ராணி இல்லை என்ற தைரியம். மார்ட்கேஜ் வட்டி, பிள்ளையின் மெடிக்கல் சீட்டு, மேனேஜர் செய்த துரோகம் என்று உங்களுக்கும் ஒரு ராஜ்யம் உண்டு, அதில் பத்து ராஜாக்கள் உண்டு. எதிரே உட்கார்ந்து ம் கொட்ட ஒருவரும் இருப்பார். அவர் உங்களிடம் கடைசியாக என்ன கேட்டார்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

அடுத்த சனிக்கிழமை செல்வராஜ் பத்மாவதியைப் பார்க்கப் போனார். அண்ணனுக்கு எந்த ஊர் என்று கேட்டு வருவது ஒன்றுதான் வேலை என்று பாக்யலட்சுமி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். தேநீர் வந்தது. அந்தப் பிள்ளை தனியாகவோ வந்தவ என்று பத்மாவதி கேட்டார். செல்வராஜ் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது, மூன்றாம் ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஊரின் பெயரை இன்னும் கேட்கவில்லை.