மீசைக்கு ஒரு மின்மினி

வியட்நாமின் பழைய உரைநடைக்காரர்கள் அரசவையின் ஆடம்பரத்தைப் பற்றியும் அதிகாரிகளின் கைநீளத்தைப் பற்றியும் எழுதும்போது யாரையும் திட்டுவதில்லை. கண்டதை விவரித்துவிட்டு, முடிவில் நீதி எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களுடைய தன்னடக்கம் என்று கற்றறிந்தோர் நம்பிவருகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. இத்தனை தலைமுறையாக இதை ஒருவரும் திருத்தாமல் விட்டது மிகவும் வருந்தத்தக்கது. உண்மைக் காரணம் ஒரு முள்ளம்பன்றி.

ஒரு காட்டில், அந்நாட்டின் வடக்கே மூங்கில் அடர்ந்த ஒரு மலைக்காட்டில், ஒரு புலி அரசாண்டது. சிங்கம் இல்லையா என்று கேட்கக் கூடாது. அந்தப் பக்கம் சிங்கம் கோயில் வாசலில் கல்லாகத்தான் உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு வரி வசூலிக்கத் தெரியாது. புலியைப் புலி என்று சொல்லவும் அங்கே யாருக்கும் துணிவில்லை. ‘பெரியவர்’ என்பார்கள். பெரியவருக்கு அழகான பொருள்கள் மேல் தீராத ஆசை. மலைமேல் வசித்துக்கொண்டே முற்றத்தில் ஒரு செயற்கை மலை எழுப்பினார். அது உண்மையான மலையை மறைத்தது. மலை தெரியவில்லையே என்று வருந்தி, செயற்கை மலையின் உச்சியில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடை கட்டிக்கொண்டார்.

அரண்மனைக்கு வேண்டிய அழகுகளைச் சேகரிக்கும் பொறுப்பு ஹுவாங் என்ற புனுகுப்பூனையிடம் இருந்தது. அந்தப் பெயருக்கு நறுமணம் என்று பொருள். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வரும். அவர் போன பிறகு பொருள் போயிருக்கும். நல்ல பூ, நல்ல கல், நல்ல குரல் என்று எது அவர் கண்ணில் பட்டாலும் அதன்மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவார். சீட்டில் இரண்டே சொற்கள்: ‘உவந்து ஏற்றோம்.’

இலக்கணம் தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ஏற்றோம்’ என்பது இறந்தகாலம். ஆனால் பொருளை எடுத்துப்போவது பௌர்ணமியன்று, யானைகள் வந்த பிறகு. அது எதிர்காலம். இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே இருந்த சந்தில்தான் ஹுவாங் குடும்பம் நடத்தினார். சீட்டு ஒட்டிய பொருளை வைத்திருந்தால் அரண்மனைச் சொத்தைப் பதுக்கிய குற்றம். சீட்டை நீங்களே உரித்தால் ராஜத் துரோகம். முறைப்படி உரிக்க வேண்டுமானால், ஹுவாங்கின் மைத்துனர் வீட்டு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு, தேனடையோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்தக் காட்டில் ஞீம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தார். அவ்வூர் மொழியில் முள்ளம்பன்றிக்கே ஞீம் என்றுதான் பெயர். பெற்றோர் அதிகம் யோசிக்கவில்லை. ஞீம் உரைநடை எழுதுகிறவர். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அது தேயும்வரை ஒரு கட்டுரை எழுதுவார். பிடுங்கும்போது வலிக்கும். அதனால் வாக்கியங்கள் சுருக்கமாக இருந்தன. கட்டுரை எதுவானாலும் முடிவில் ‘நீதி:’ என்று ஒரு வரி உண்டு. மற்றதெல்லாம் அந்த வரிக்கு ஏறிப்போகும் படிக்கட்டு என்பது அவருடைய கொள்கை.

அவரும் மனைவி லியெனும் ஒரு பம்பளிமாஸ் மரத்தின் வேருக்கு அடியில் வளை தோண்டி வாழ்ந்தார்கள். வேர்தான் வீட்டுக் கூரை. மரம் போனால் வீடு போகும். லியெனுக்கு அப்போது நிறைமாதம். அந்த வருஷம் பார்த்து மரம் கொஞ்சமும் பொறுப்பில்லாமல் பூத்துத் தள்ளியது. அந்த மணம் காடு முழுக்கப் பரவி, வாசனையையே தொழிலாகக் கொண்டவரின் மூக்குக்கும் எட்டியது.

ஒரு காலையில் இருவரும் வெளியே வந்து பார்த்தால் அடிமரத்தில் மஞ்சள் சீட்டு. பக்கத்தில் ஹுவாங் மூக்கை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

“அருமையான மரம். பெரியவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு,” என்றார்.

“பெரியவர் இந்தப் பக்கமே வரலையே?” என்றாள் லியென்.

“வந்து பார்த்தா பிடிக்குமா பிடிக்காதா?”

“பிடிக்கும்…”

“அப்புறம் என்னம்மா.”

“ஐயா, வேருக்கு அடியிலதான் எங்க வீடு இருக்கு,” என்றார் ஞீம்.

“வேரும் சேர்த்துத்தானே மரம்? பௌர்ணமிக்கு யானை வரும். கஷ்டமா இருந்தா மைத்துனர் வீட்டில டோக்கன் கொடுக்கிறாங்க. தேனடை மட்டும் கொஞ்சம் பெரிசா கொண்டுபோங்க.”

“முள்ளம்பன்றி தேனடைக்கு எங்கே போகும்?”

“கரடியைக் கேட்டுப் பாருங்க. அதுவும் அங்கே வரிசையிலதான் நிக்குது.”

அவர் போனதும் லியென் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இத்தனை வருஷமா எழுதறீங்களே. இப்ப எழுதுங்களேன்.”

ஞீம் ஒரு முள்ளைப் பிடுங்கினார். அரண்மனை வெட்கத்தில் தலைகுனியும்படி எழுதுவது என்று தீர்மானித்தார். வெட்கப்பட்டால் சீட்டை உரித்துவிடுவார்கள். அவர் எழுதியது இது: பெரியவர் காலையில் வாய் கொப்பளிக்கும்போது, அந்தத் தண்ணீர் மழையில் நனைந்துவிடாமல் நாற்பது கொக்குகள் குடை பிடிக்கின்றன. இருட்டியதும் மீசைக்கு ஒரு மின்மினி வீதம் வந்து உட்கார்ந்து வெளிச்சம் தருகிறது. மீசைமயிர் ஒன்று உதிர்ந்தால், அதற்குரிய மின்மினி மறுமணம் செய்துகொள்ளக் கூடாது. நீதி: வயிற்றைவிட வாய் பெரிதானவன், தன் காட்டையே தின்று முடித்துவிட்டுப் பசியோடு படுப்பான்.

நீதியைத் தவிர இதில் ஒன்றும் உண்மையில்லை. மிகைப்படுத்துவது நையாண்டியின் உரிமை என்று ஞீம் நினைத்தார். மைனாக்கள் அதைப் படிக்காமலே எல்லோருக்கும் அனுப்பிவைத்தன. சாயங்காலத்துக்குள் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. லியென் மூங்கில் குருத்தைக் கட்டிக் கொடுத்தாள். “போனதும் சாப்பிட்டுடுங்க. அப்புறம் சாப்பிடறதுக்குத் தலை இருக்குமோ இருக்காதோ,” என்றாள்.

அவையில் ஹுவாங் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். கடைசி வரியின்மேல் மட்டும் ஒரு மஞ்சள் சீட்டு, அளவெடுத்தது போல் ஒட்டியிருந்தது. அவர் கணீரென்று வாசித்து, சீட்டு வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். பெரியவர் மீசையைத் தடவினார்.

“மீசைக்கு ஒரு மின்மினியா?”

ஞீம் கண்களை மூடிக்கொண்டார்.

“ஹுவாங், இது ஏன் நம்மிடம் இல்லை?”

“வந்துகொண்டே இருக்கிறது, பெரியவரே.”

“கொக்குகள்?”

“குடைக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

ஞீமுக்குப் பொறுக்கவில்லை. “பெரியவரே, மன்னிக்க வேண்டும். அது கிண்டல்.”

“கிண்டலா?” பெரியவர் ஹுவாங் பக்கம் திரும்பினார். “அதிலும் இரண்டு கொண்டுவரச் சொல்.”

“கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதையும் வாசித்தால்…”

“அந்த வரி மிகவும் அழகாக இருந்தது,” என்றார் ஹுவாங். “அதனால் எடுத்துக்கொண்டுவிட்டோம்.”

ஞீம் அன்றே அரண்மனை உரைநடையாளராக நியமிக்கப்பட்டார். எழுத நிழல் வேண்டும் என்பதால் மரத்தின் சீட்டு உரிக்கப்பட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். கிண்டல் போதவில்லை, அதுதான் தவறு. அடுத்த கட்டுரையில் இன்னும் பலமாக மிகைப்படுத்தினால் பெரியவருக்கே உறைத்துவிடும்.

முதல் கட்டுரைக்கான செலவைக் காடுதான் கொடுத்தது. மின்மினிகளைப் பிடித்துப்போய்விட்டதால் காடு இருண்டது. ஒரு நாள் கொக்கு ஒன்று இறக்கையைத் தூக்க முடியாமல் மரத்தடிக்கு வந்தது.

“ஞீம் அண்ணே, நாற்பதுன்னு எழுதும்போது கை கூசலையா? நாலு கொக்குன்னு எழுதினா உங்க நையாண்டி செத்தா போயிடும்?”

“மிகை இல்லாமல் நையாண்டி ஏதம்மா?”

“உங்க மிகையை நாங்கதான் தூக்கிப் பிடிக்கிறோம். ஒரு தடவை வந்து பிடிச்சுப் பாருங்க.”

கொக்கு போன பிறகு அணில் வந்தது. கையில் ஒரு கூடை கிழங்கு. “ஐயா, நம்மகிட்ட கொட்டை ஓடு நிறையத் தேங்கிக் கிடக்கு. பெரியவர் ஓட்டு மேலதான் நடப்பார்னு போற போக்கில ஒரு கிண்டல் பண்ணிட்டீங்கன்னா…”

ஞீம் எழுத்தின் தூய்மையைப் பற்றி உரக்கப் பேசி அதை விரட்டினார்.

“அவர் பேசட்டும். நீ கூடையை இங்கே வை,” என்றாள் லியென்.

அடுத்த கட்டுரையில் பெரியவர் ஓட்டுமேல் நடந்தார். அந்த இடத்துக்கு அது தானாகவே பொருந்தி வந்தது என்பது ஞீமின் விளக்கம். விஷயம் பரவியது. மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. லியென் பம்பளிமாஸ் இலைகளைக் கிள்ளி டோக்கனாகக் கொடுத்தாள். கட்டுரையில் இடம் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு வரிசை, தங்களைப் பற்றி எதுவும் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டு வந்தவர்களுக்கு இன்னொரு வரிசை. இரண்டாவதுதான் நீளம்.

ஞீம் மட்டும் தன்னை இன்னும் அரண்மனையின் எதிரி என்றே எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் முந்தியதைவிடக் கடுமையான நீதி எழுதினார். ஒவ்வொரு நீதியின் மேலும் ஹுவாங் ஒரு சீட்டு ஒட்டினார்.

“ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்திருக்கீங்களா?” என்று ஞீம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“படிக்காமலா? எல்லாம் உயர்ந்த கருத்து. திருடனைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அதை மைத்துனருக்குக்கூடச் சொன்னேன். கண் கலங்கிட்டார்.”

இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி ஞீமின் முதுகு மொட்டையாகிப்போனது. பௌர்ணமி நெருங்கிய சமயம் அந்தக் கொக்கு மறுபடி வந்தது. கூடை எதுவும் கொண்டுவரவில்லை. இறக்கை ஒன்று ஒரேயடியாகத் தொங்கிவிட்டிருந்தது. “அண்ணே, ஒரே ஒரு தடவை, நடந்ததை மட்டும் எழுதுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை,” என்றது.

ஞீமுக்கு என்னவோ போல் ஆயிற்று. மிச்சமிருந்தவை மூன்று முள். ஒன்றைப் பிடுங்கி எழுதினார்: ‘பெரியவர் எழுந்தார். ஒரு மானைத் தின்றார். மறுபடி தூங்கினார்.’ நீதி எழுதவில்லை. அது தேவைப்படவில்லை.

சீட்டு ஒட்ட இடமில்லாத முதல் கட்டுரை அதுதான். ஹுவாங் அதை முழுவதும் வாசிக்க வேண்டியதாயிற்று. பெரியவர் மேடையே அதிரும்படி எழுந்தார்.

“அவதூறு! நான் என்ன காட்டு மிருகமா?”

மதியத்துக்குள் பம்பளிமாஸ் மரத்தில் மஞ்சள் சீட்டு திரும்பி வந்துவிட்டது. பௌர்ணமி அன்றைக்கே. பொழுது சாயும்போது, மலைச்சரிவில் யானைகளின் கழுத்துமணி கேட்டது. வளைக்குள் லியெனுக்கு வலி எடுத்துவிட்டது.

“என்னங்க, மணிச் சத்தம் கேக்குது.”

“கேக்குது.”

“அப்ப எழுதுங்க.”

“என்னத்தை எழுதறது? மிகையும் போச்சு, உண்மையும் போச்சு.”

“எதையாவது எழுதித் தொலைங்க! கூரை நிக்கணும்!”

இரண்டில் ஒரு முள்ளைப் பிடுங்கினார். எழுதியது இவ்வளவுதான்: ‘சிறிய அரசர்கள் அழகானவற்றை அரண்மனைக்குக் கொண்டுவருவார்கள். உண்மையிலேயே பெரியவராக இருப்பவர் எதையும் கொண்டுவர மாட்டார். அது இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் அதைப் போய்ப் பார்க்கக்கூட மாட்டார். பார்க்காமலே வைத்திருப்பதுதான் ஆடம்பரத்தின் சிகரம்.’ இது கிண்டலா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மைனா ஒன்றிடம் கொடுத்து அனுப்பினார்.

பெரியவர் செயற்கை மலையின் உச்சியில் நின்றபடி அதைக் கேட்டார். அவர் மீசையில் மின்மினிகள் நடுங்கின.

“எத்தனை எளிமை!” என்றார். “ஹுவாங், எதையும் கொண்டுவராதே. எல்லாவற்றையும் அங்கங்கேயே ஏற்றுக்கொள்.”

யானைகள் பம்பளிமாஸ் மரத்தைத் தும்பிக்கையால் தொட்ட நிலையில் உத்தரவு வந்து சேர்ந்தது. அவை திரும்பிப் போயின. கூரை நின்றது. அதன் கீழே, விடிவதற்குள், லியெனுக்குக் குட்டி பிறந்தது.

விடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு பாறையிலும் ஒவ்வொரு குளத்தின் கரையிலும் மஞ்சள் சீட்டு இருந்தது. எதையும் யாரும் எடுத்துப்போகவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில் பழையபடி வசிக்கலாம்; ஆனால் அது அரண்மனையின் இடம் என்பதால் வாடகை உண்டு. மைத்துனர் வீட்டில் இன்னொரு ஜன்னல் திறந்தார்கள். முன்பு சீட்டு ஒட்டப்பட்டவர்கள் மட்டும் நின்ற வரிசையில் இப்போது காடே நின்றது. ஞீமும் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் நின்ற கொக்கு கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் கடைசி முள்ளைப் பிடுங்கினார். நடந்தது அத்தனையையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். தன்னைப் பற்றியும், கூடைகளைப் பற்றியும். முடிவில் ஒரு நீதி எழுதினார். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். லியென் குட்டிக்குப் பால் கொடுத்தபடியே அதைப் படித்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, “நல்லா இருக்குங்க,” என்றாள். அதை அவர் மரத்தில் குத்தி வைத்தார்.

மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. பின்னால் வந்த உரைநடைக்காரர்கள் எல்லோரும் பார்த்துப் பழகிய, இன்று கிடைக்கும் ஒரே பிரதியில் அதன் கடைசி வரி பின்வருமாறு உள்ளது.

நீதி: உவந்து ஏற்றோம்.