ஆறு தொட்டிக்கு நான் தண்ணீர் ஊற்றாதது ஏன்?

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். மகளும் நலம். என் மனைவியின் நலம் பற்றி எனக்குத் தகவல் இல்லை, பதினோரு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. மாமாவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "ஞாயித்துக்கிழமை நான் வர்றதுக்குள்ள அவகிட்ட மன்னிப்புக் கேட்டுடு" என்று போனில் உத்தரவு போட்டாய். என்னை எங்கே பேச விட்டாய்? அதனால்தான் கடிதம். கேட்க மாட்டேன். இருபத்தாறு வருஷமாக மண்ணையும் பயிரையும் ஆராய்ச்சி செய்கிறவன், செய்யாத தப்புக்குத் தலைகுனிய மாட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டு வாரம் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவள், "செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பால்கனியில் பன்னிரண்டு தொட்டி. யோசித்துப் பார், தண்ணீர் ஊற்றியதால்தான் செடி பிழைத்தது என்று எதை வைத்துச் சொல்வது? ஊற்றாத செடியோடு ஒப்பிட்டால்தானே தெரியும்? இதுகூடத் தெரியாதா என்று நீ கேட்பாய். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஒருவராவது வீட்டில் நிரூபித்திருக்கிறார்களா? ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆறு தொட்டிக்குத் தண்ணீர், ஆறு தொட்டிக்குக் கிடையாது என்று முடிவு செய்தேன். அவள் ஒரு குச்சியிலிருந்து நாலு வருஷம் வளர்த்த ரோஜா, கிடையாது பக்கம் விழுந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சொந்தக்காரச் செடி என்று சலுகை காட்டினால் அது ஆராய்ச்சியா? ஒன்பதாம் நாள் அதன் முன்னால் வாளியோடு பத்து நிமிஷம் நின்றேன் அக்கா, மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஊற்றவில்லை.

அவள் திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, பன்னிரண்டு செடியையும் தினம் அளந்து போட்ட வரைபடத்தை நீட்டினேன். வரைபடத்தைப் பார்க்காமல் பால்கனியில் காய்ந்து நின்ற ஆறு தொட்டியைப் பார்த்தாள். "இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். "இவை ஒப்பிட்டுப் பார்க்க" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் சாப்பாட்டில் உப்பே இல்லை. மகள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தால் அதில் சரியாக இருக்கிறது! என் தலைக்கு மேலாக மகளிடம், "உங்கப்பாவுக்கு உப்பு கிடையாது. ஒப்பிட்டுப் பாக்கணும்" என்கிறாள். சோதனையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். மகளோ, "ஒரு சாரி சொன்னா என்னப்பா, தேஞ்சா போயிடுவீங்க?" என்கிறாள். ஆய்வகத்திலாவது நியாயம் கிடைக்கும் என்று அங்கே உதவியாளராக இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "சார், எங்க வீட்டுக்காரர் இப்படிப் பண்ணியிருந்தா பதிமூணாவது தொட்டியில அவரையே நட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குடுவை கழுவப் போய்விட்டார். உலகமே ஒரு பக்கம் நிற்கட்டும். வீட்டுக்குள் நுழைந்தால் "வந்துட்டீங்களா" என்று கேட்கும் குரல் இல்லை, அது கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதற்காக உண்மையை விட்டுக்கொடுக்க முடியுமா? நீ ஞாயிற்றுக்கிழமை வா, உட்கார வைத்துக் கேள், தலையே போனாலும் மன்னிப்புக் கிடையாது.

மாமாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி, அவர்கள் எந்தத் துறையில் வேண்டுமானாலும் சிறக்கட்டும், என் துறையைத் தவிர.

அடங்காத உன் தம்பி.

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தண்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் இல்லை. "தப்புதான், மன்னிச்சிடு" என்றேன். அவள் இன்னொரு தண்டைக் கீறினாள். ஒரே தடவை செய்து பார்த்து முடிவுக்கு வரக்கூடாது அல்லவா, மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, "தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். பேசிவிட்டாள் அக்கா!