மூன்று கல்லூரிகளில் என் அட்டகாசம்

என் மனைவி மாரிட் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு ஏழரைதான்.

"ஆர்வின் லெராய் ஹால்வர்சன்!"

வாய்க்குப் போன வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"நீ எம்.பி.ஏ. படிச்சா என்ன?"

"செத்துப்போவேன்."

"பதினோரு வருஷமா பெயின்ட் கடையில டப்பாவைக் குலுக்கிட்டு இருக்க."

"மெஷின்தான் குலுக்குது. நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்."

"அதைத்தான் சொல்றேன். மூணு காலேஜைச் சுத்திப்பார்க்கப் பதிவு பண்ணியாச்சு. நேர்ல பார்த்துட்டு எதுக்கு அப்ளை பண்றதுன்னு முடிவு பண்ணலாம்."

மாரிட் டுலூத் மருத்துவமனையில் இருநூறு நர்ஸுகளுக்கு ஷிஃப்ட் போடுகிறவள். பெரிய டாக்டர்களே அவளிடம் வாதாடி ஜெயித்ததில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ராவில் இரண்டு முறை தோற்றவன். நுழைவுத்தேர்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே ஓட்டமெடுப்பேன். மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. ஆகவே ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். போகிற இடத்தையெல்லாம் நாறடித்துவிடுவது. அப்புறம் என்னை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்?

முதலில் சிகாகோ. எல்லாரும் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். நான் மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டில் போனேன். அறிமுகக் கூட்டம் முடிந்ததும் மேடையிலிருந்த அம்மாள், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். நான் எழுந்தேன்.

"பிஸ்கட் தீர்ந்துபோச்சு. இன்னும் வருமா?"

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலைந்தது.

அடுத்தது இண்டியானா. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆற அமரக் குறட்டை விட்டேன். பக்கத்திலிருந்தவர் நாலு நாற்காலி தள்ளிப் போய்விட்டார். கூடவே வந்த மாரிட் திட்டவேயில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்றாவது விஸ்கான்சின். பிப்ரவரி மாதம், முழங்கால் அளவு பனி. சுற்றிக்காட்ட ரோஸ்லின் என்ற மாணவி வந்தாள். இந்த வழிகாட்டிகள் நம் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார்கள். நான் விடுவேனா? அவள் திரும்பிப் பார்க்க நேரமே கொடுக்காமல் கேள்வியாக அடுக்கினேன்.

"இதுல எத்தனை ஜன்னல்? யாரு தொடைக்கிறா? இந்தச் சுவருக்கு என்ன பெயின்ட்? ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா?"

ரோஸ்லின் பின்பக்கமாகவே போய்ப் பனிக்குவியலில் தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அவளோ பனியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு கோட்டுதான் சார். வாங்க, உள்ள சூடா காப்பி இருக்கு. பிஸ்கட்டும் இருக்கு."

பிறகு வகுப்பு. இங்கே மட்டும் பாடம் தொடங்குமுன் பார்க்க வந்தவர்களை அறிமுகப்படுத்துவது வழக்கமாம். பேராசிரியர் எங்கள் பக்கம் கை நீட்டினார்.

"இன்னிக்கு நம்ம வகுப்பைப் பார்க்க மாரிட் ஹால்வர்சன் வந்திருக்காங்க. அடுத்த வருஷம் இங்க சேரலாமான்னு யோசிக்கிறாங்க. துணைக்கு அவங்க கணவரும் வந்திருக்கார்."

வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். நாலாவது தட்டில்தான் உறைத்தது.

படிக்கப்போவது நானில்லை! தேர்வு எனக்கில்லை! விண்ணப்பக் கட்டுரை எனக்கில்லை! பதினெட்டு வயதிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அல்ஜீப்ரா எழுந்து போய்விட்டது. எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டேயிருந்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரும்பும்போது மாரிட்தான் கார் ஓட்டினாள்.

"எனக்குன்னு ஏன் பொய் சொன்ன?"

"எனக்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? தலையைச் சீவி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வாயை மூடிட்டு வந்திருப்ப."

"அது நல்லதுதானே?"

"அதை வெச்சு நான் என்னத்தை முடிவு பண்றது? ஒழுங்கா இருக்கறவங்ககிட்ட எல்லாரும்தான் இனிக்க இனிக்கப் பேசுவாங்க. ரெண்டு வருஷம் நாம குடியிருக்கப்போற ஊரு. அங்க உன்னைத் தாங்குவாங்களான்னு தெரிய வேணாமா?"

"தாங்குவாங்களா?"

"பனியில விழுந்து எந்திரிச்சு உனக்குக் காப்பி குடுத்தாளே, அந்தப் பொண்ணு! இங்கதான் அப்ளை பண்றேன்."

நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். என்ன இருந்தாலும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். அதில் கொஞ்சமாவது பேர் வாங்க ஆசைப்பட்டேன்.

"ஆனா மாரிட், நான் வேணும்னே இப்படியெல்லாம் பண்ணுவேன்னு உனக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சது?"

மாரிட் சாலையை மறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணும்னேயா? நீ எப்பவும் போலத்தானே இருந்த?"