டாலாட் காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டு புறப்பட்டது

பர்கூர் மச்சான் வெள்ளைச்சாமி அவர்களுக்கு,

பேரிகை கிருஷ்ணப்பன், வியட்நாம் தேசத்து டாலாட் என்னும் மலை ஊரிலிருந்து கும்பிட்டு எழுதுவது. அங்கே அக்காவும் மாப்பிள்ளை சுரேந்தரும் கறவை மாடுகளும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் காக்கட்டும். இங்கே நான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் மகள் ஜெயப்ரியா படித்துவிடுவாள் என்றுதான் கடுதாசி.

ஓசூர் கம்பெனியில் சம்பளம் வந்தாலும் வந்தது, உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் கல்யாணத்துக்கு முன்னே அப்பா அம்மாவுக்கு வெளிநாடு காட்டுகிறேன் என்று கூட்டிவந்தாள். கோயில் குளம் பார்க்கலாம் என்று வந்தால், இவள் சந்து சந்தாக நுழைந்து காப்பிக் கடை தேடுகிறாள். முதல் கடைக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை, ஏதோ ஒரு வீட்டின் முன்கூடம். ஒரு பெண் காப்பிக் கொட்டையைத் தங்கம் மாதிரி நிறுத்து, அரைத்து, மூக்கு நீண்ட கெண்டியால் சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டு, கடைசியில் கொடுத்தது பாலும் சர்க்கரையும் இல்லாத வரக்காப்பி. குருபரப்பள்ளி ரோட்டுக் கடைக்காரன்கூடத் தண்ணிப் பாலாவது ஊத்துவான். நம்ம பக்கம் வந்தவர்களுக்கெல்லாம் வரக்காப்பி கொடுப்பது எழவு வீட்டில்தானே மச்சான்? சுற்றி இருந்தவர்களும் பேச்சு மூச்சில்லாமல் தலை குனிந்திருந்தார்கள். சுவரில் ஒரு கிழவர் போட்டோ, அதற்குக் கீழே தரையில் ஊதுபத்தி, வாழைப்பழம். என் வீட்டுக்காரி ராஜாத்தி என் தொடையைக் கிள்ளினாள். "ஏங்க, இது எழவு வூடுங்க. குடிச்சிட்டு வாயத் தொறக்காம எந்திரிங்க."

எழுந்தேன். அந்தப் பெண் வாசல்வரை வந்து தலை சாய்த்தாளா, பழக்கதோஷம், "போயிட்டு வரேன் தாயி" என்று வாயில் வந்துவிட்டது. எழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு புறப்படுவார்களா? சொன்னவன் வீட்டில் அடுத்தது விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரூமுக்கு வந்ததும் தீட்டு என்று ராஜாத்தி தலையோடு பச்சைத்தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் இன்னொரு கடை, அங்கும் வரக்காப்பி, ஊதுபத்தி, மறுபடி குளியல். மறுநாளும் அப்படியே. இந்தக் குளிரில் கடைக்கு ஒரு குளியல் போட்டால் உடம்பு தாங்குமா, காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. எமன்தான் வந்துவிட்டான். மகளிடம் சொன்னால், இது ஸ்பெஷல் காப்பி, பால் ஊத்தினால் ருசி போய்விடும் என்கிறாள். சாகப்போகிறவனுக்கு ருசி எதுக்கு?

என் உசிரு போனால் போகட்டும் மச்சான். நான் போனால் தை மாசக் கல்யாணம் ஒரு வருஷம் நிற்குமே, அதுதான் என் கவலை. எனக்கு எது நடந்தாலும் கல்யாணத்தைத் தள்ளாதீர்கள், முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் முடித்துவிடுங்கள். பந்தியில் ஒருத்தருக்கும் வரக்காப்பி மட்டும் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்குக் கும்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அநேகமாகக் கடைசி ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
கிருஷ்ணப்பன்

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வருகிறேன் என்று சொன்ன வாக்கை முடித்துவிட்டால் பீடை கழியும் என்று இன்று காலை நானே அந்தக் கடைக்குப் போனேன். போட்டோவில் இருந்த கிழவரே தட்டில் காப்பி கொண்டுவந்தார். நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். அந்தப் பெண் போனில் தமிழாக மாற்றிக் காட்டினாள்: கடை அவருடையதாம், போட்டோ ஏதோ பரிசு வாங்கியபோது எடுத்ததாம், ஊதுபத்தி கடைச் சாமிக்காம். மயக்கம் தெளிய வாயில் ஊற்றியதும் அதே வரக்காப்பிதான். தொண்டை திறந்துகொண்டது. நல்லாத்தான் இருக்குது மச்சான். புறப்படும்போது வேண்டுமென்றே சத்தமாக, "போயிட்டு வரேன் சாமி" என்று சொன்னேன். கல்யாணப் பந்திக்கும் இதே கொட்டையை வாங்கிவிட்டேன். அக்காவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், காப்பி வந்ததும் யாரும் அழ வேண்டாம் என்று.