மூன்று அடி வைத்த உரப்பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை.

போன முறை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஸ்கூலும் இல்ல, பொழுது எப்படி மாமா போகுது?" என்று கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் எழுதுகிறேன். ஆனால் எனக்கே ஒன்றும் புரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொல்லையில் மிஞ்சியிருக்கும் கட்டில் அளவு மண்ணையும் சிமெண்ட் பூசித் துணி காயப்போடும் இடமாக்க உங்கள் அத்தை கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள். அங்கே நான் காய்கறிக் கழிவை மக்கவைக்கும் உரப்பெட்டி செய்யப்போகிறேன் என்றேன். "திங்கக்கிழமைக்குள்ள பெட்டி நின்னா மண்ணு உங்களுக்கு. இல்லேன்னா சிமெண்ட்" என்றாள். வீட்டில் இருக்கும் கடைசி மண், மாப்பிள்ளை. விடலாமா? இடித்த பக்கத்து வீட்டின் பழைய கதவுப் பலகைகளைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் ஆணி பிடுங்கி, தச்சருக்குப் போன் போட்டு, "பெட்டிக்கு அடி வைக்கணுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே மிஷின் சத்தம். "மூணு அடி வைங்க சார், போதும்" என்றார். பாடப்புத்தகத்துக்கு மேலட்டை போடுவதுபோல, ஓர் அடிப்பலகை உளுத்தால் இன்னொன்று தாங்கும் என்று நானே விளக்கமும் சொல்லிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடி வைத்து ஆணி அறைந்தேன். அதிலேயே பலகையெல்லாம் தீர்ந்து, பெட்டியின் சுவருக்கு மிஞ்சியது ஒரு சாண் துண்டு. அத்தை வந்தாள், அதன்மேல் ஏறி நின்றாள். "மேடை நல்லாத்தான் இருக்கு. யாருக்குப் பாராட்டு விழா?"

தச்சர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஐயோ சார், நான் உயரத்தைச் சொன்னேன்! உரப்பெட்டிக்கு அடியே கூடாது. மண்ணோட ஒட்டி இருந்தாத்தானே புழு ஏறும்?"

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவன் நான். மண்ணைக் காப்பாற்றக் கிளம்பி, கொத்தனாருக்கு முன்னால் நானே அதை மூடிவிட்டேன். நீங்கள் சொன்னால் அத்தை கேட்பாள். சிமெண்ட் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நீங்களும் என் மகளும் ஒருவர் சொல்வது ஒருவருக்குச் சரியாக விளங்க, நெடுநாள் வாழ்க.

அன்புடன்,
மாமா

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் போடுமுன் அகராதிக்குள் மாட்டிக்கொண்டு, பதினெட்டு நாள் கழித்து இன்றுதான் கிடைத்தது. கொத்தனாரும் இன்றுதான் வந்தார். கடப்பாரையால் மேடையை நெம்பினால், அடியில் கருகருவென்று மண், கொத்துக் கொத்தாக மண்புழு! அத்தை தினமும் காய்கறித் தோலை மேடை இடுக்கில் தள்ளியிருக்கிறாள். "குப்பை வண்டி வரல, வேற எங்க போடுறதாம்?" என்றவள், புழுக்களைக் குனிந்து பார்த்துவிட்டுக் கொத்தனாரிடம், "பலகையப் பழையபடி போட்டு மூடிட்டுப் போங்க. இங்க ஆளுங்க குடியிருக்காங்க" என்றாள். ஆகவே நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இதை மட்டும் செய்து பாருங்கள்: வெறும் மண்ணில் ஒரு பழைய பலகையைக் கிடத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பதினைந்து நாள் கழித்துத் தூக்குங்கள்.